மொதல்ல குமிழி வுடு, கண்ணு

காலையில நாலரைக்கே எழுந்துக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியுறியாமே கண்ணு? நல்லது. ஆனா யாருகிட்ட சொல்றோம்னு பாத்துச் சொல்லு. இது காசிமேடு. நீ அலாரத்தை அமுக்கிட்டு, இன்னும் அஞ்சு நிமிசம்னு பொரண்டு படுக்கிற நேரத்துல இங்க ஏலம் களைகட்டியிருக்கும். பொம்பளைங்க கூடையை இடுப்புல வெச்சிகினு பேரம் பேசி, ஐஸ் ஒடச்சிக் கொட்டி, ஆட்டோவுல ஏத்தி, மொத டீயும் குடிச்சிருப்பாங்க. அந்தாண்ட எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்காரன் ஸ்டீரிங்கைக் கட்டிப் புடிச்சிகினு ராவெல்லாம் வரிசையில நின்னுருப்பான். அனல்மின் நிலையத்துல நைட் ஷிப்டு பாத்தவன் கொட்டாவி வுட்டுகினு வூட்டுக்குக் கிளம்புவான். அவங்கள்ல யாருனா 'நான் சீக்கிரம் எழுந்தேன்'னு போட்டோ புடிச்சிப் போட்டாங்களா? இந்த ஊர்ல விடியக்காத்தால முழிச்சிருக்கிறது சாதனை இல்லடா பேராண்டி. பொழப்பு.

சரி, எழுந்துட்டே. அப்பால எங்க போறே? வூடு திருவொத்தியூர்ல. கூப்பிடு தூரத்துல கடல். நீயோ வண்டியை முறுக்கிகினு வேளச்சேரிக்குப் போறே. 1995ல தெற்காசிய விளையாட்டுக்குன்னு கட்டுன குளம். கடலை முதுகுக்குப் பின்னால வெச்சிகினு, மெட்ராசைக் குறுக்கால தாண்டிப் போயி, குளோரின் தண்ணியில எறங்கி, கடல்ல தொடங்குற டிரையத்லான் பந்தயத்துக்குப் பழகுறே. சிரிக்கிறேன்னு கோவிச்சிக்காதே. அதுலயும் ஒரு நியாயம் கீது. அத்தை அப்பாலிக்கா சொல்றேன்.

மொதல்ல அந்தப் பையைத் தொறந்து காட்டு. கண்ணாடி ரெண்டு. ஒண்ணு வெயிலுக்கு, ஒண்ணு இருட்டுக்கு. கையில மாட்டுற பிளாஸ்டிக் பலகை. காலுக்கு ரப்பர் துடுப்பு. தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிற மெத்தைக் கட்டை. மூஞ்சிக்கு நேரா நிமிந்து நிக்கிற குழாய். அப்பறம் பாக்கெட் பாக்கெட்டா ஜெல்லு. உங்க ஆயா உப்பு, சக்கரை, எலுமிச்சம்பழம் கலந்து குடுத்தா மூஞ்சியைச் சுளிப்பே. அதையே இங்கிலீசுல பேரு போட்டு வித்தா துட்டு குடுத்து வாங்குவே. நம்ம ஒத்தியூர் கடலோரத்துலதான் பட்டினத்தார் சமாதி கீது. கப்பல் யாவாரம், மாளிகை, சொத்து சொகம் அல்லாத்தையும் உட்டுட்டுக் கோவணத்தோட கெளம்புன மனுசன். அவர் இருக்கிற ஊர்லேர்ந்துதான் நீ தெனமும் இந்த மூட்டையைத் தூக்கிகினு கெளம்புறே. அவருக்குச் சிரிப்பு வராதா?

பலகையும் கட்டையும் வேணாம்னு சொல்லல. வாத்தியார் பாத்து, இதுக்கு இதுன்னு குடுத்தா வெச்சிக்கோ. ஆனா ஒரு கேள்வி. கட்டையை இடுக்கிக்கினா காலு தானா மேல வருது. உருவிட்டா மறுபடி முழுவுது. அப்போ இத்தினி நாளா மெதந்தது நீயா, கட்டையா?

ரப்பர் சட்டை வேற வாங்கப் போறியாமே. எதுக்கு? குளுரு தேசத்துக்காரன் வெறைச்சிப் போகாம இருக்கப் போடுறான். தண்ணி 25 டிகிரியை நெருங்கிட்டாலே அதைப் போட்டுகினு ஜெயிச்சா செல்லாதுன்னு பந்தயச் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கான். நம்மூர்க் கடலு என்னிக்குக் கண்ணு அவ்ளோ குளுந்துச்சு? மார்கழியில கூட அது வெதுவெதுன்னுதான் கீது. உன்னை நீயே வேக வெச்சிக்கிறதுக்கு அம்மாந்துட்டா?

இந்தப் பந்தயம் எப்டிப் பொறந்துதுன்னு தெரியுமா? வாய்ச்சவடால்ல பொறந்துது. அமெரிக்காவுல சான் டியேகோவுல 1974லயே சின்ன அளவுல ஒண்ணு நடத்துனாங்க. ஆனா ஊரு வாயைப் பொளந்தது 1978 பிப்ரவரியில, ஹவாய் தீவுல. நீஞ்சறவன் பெரிய ஆளா, ஓடுறவனா, சைக்கிள் மிதிக்கிறவனான்னு பேச்சு முத்திப்போச்சு. ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை ஆபீசரு, 'மூணையும் சேத்து வெச்சே பாத்துருவோம்'னுட்டாரு. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல 42 கிலோமீட்டர் ஓட்டம். எறங்குனவங்க 15 பேரு, முடிச்சவங்க 12 பேரு. ரெண்டாவதா வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி தீந்துபோச்சு. கூட வந்தவங்க கையில இருந்த பீரை ஊத்திக் குடுத்தாங்க. ஜெல்லும் இல்ல, கையில வாட்ச் சொல்ற கணக்கும் இல்ல. அதுக்காக நீயும் பீரைத் தூக்கிகினு போவாதே. உங்கப்பன் என்னை வந்து கேப்பான்.

ஒலிம்பிக்ல இத்தை 2000ல சிட்னியில சேத்துக்கினாங்க. அங்க அளவு கொறச்சல். நீச்சல் ஒன்றரை, சைக்கிள் 40, ஓட்டம் 10. மொத்தம் 51.5 கிலோமீட்டர். அதுல நீச்சல் வெறும் ஒன்றரை. இத்துணூண்டு நீச்சலுக்கா இம்மாம் அலட்டல்னு கேளேன்? கேக்க மாட்டே. நானே சொல்றேன். அதுதான் மொதல்ல வருது. தண்ணியிலேர்ந்து நாக்கு தள்ளிகினு வந்தேன்னா, மிச்சம் 50 கிலோமீட்டரும் நாக்கு தள்ளித்தான் போவே. நீச்சல்ல நாலு நிமிசம் முந்தி வந்து சைக்கிள்ல இருபது நிமிசம் கோட்டை வுடுறவனுக்குப் பேரு நீச்சல்காரன் இல்ல. கணக்குத் தெரியாதவன்.

இப்போ அந்த 'டெக்னிக்' சமாச்சாரத்துக்கு வா. ஃப்ரீஸ்டைல், ஃப்ரீஸ்டைல்னு நேத்து அமெரிக்காவுல கண்டுபுடிச்சதா நெனைச்சிகினு பேசுறே. கதையைக் கேளு. 1844ல லண்டன் குளத்துல வெள்ளைக்காரத் தொரைங்க தவளை நீச்சல் நீஞ்சிகினு இருந்தாங்க. தலையைத் தண்ணிக்கு மேல தூக்கி, முடி கலையாம, நாசுக்கா. அப்போ வட அமெரிக்காவுலேர்ந்து ஒஜிப்வே பழங்குடி ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஃபிளையிங் கல், டொபாக்கோன்னு பேரு. கையை மேல தூக்கி வீசி, காலால அடிச்சிகினு சர்ருனு போனாங்க. தொரைங்க இன்னா சொன்னாங்க? 'ஐயே, தண்ணியை இப்டியா தெறிக்க வுடுறது, நாகரிகமே இல்லியே'ன்னு மூக்கைச் சுளிச்சாங்க. வேகமாப் போறான்றது கண்ணுல படல. தெறிக்குதுன்றதுதான் பட்டுது.

அப்பறம் 1873ல டிரட்ஜன்னு ஒருத்தர், தென் அமெரிக்காவுல சொந்த மண்ணு ஜனங்க நீஞ்சறதைப் பாத்துக் கத்துகினு வந்து லண்டன்ல காட்டுனாரு. அது முடிஞ்சி பசிபிக் பெருங்கடல்ல இருக்கிற சாலமன் தீவுலேர்ந்து அலிக் விக்ஹாம்னு ஒரு பையன் சிட்னிக்கு வந்தான். அவன் ஊருப் புள்ளைங்க கடல்ல எப்டி நீஞ்சுவாங்களோ அப்டி நீஞ்சுனான். கேவில்னு ஒரு நீச்சல் குடும்பம் பாத்துது, புடிச்சிக்கிச்சு, ஊரு ஊரா எடுத்துகினு போச்சு. உங்க வாத்தியாருங்க மாசாமாசம் பணம் வாங்கிகினு சொல்லிக் குடுக்கிறது அதோட பேரப்புள்ளைதான். கடலோரத்துப் பசங்க இனாமா வெச்சிருந்த சொத்துடா அது.

இன்னொருத்தன் கதை நம்ம ஏரியாவுக்கு ரொம்பப் பக்கம். ட்யூக் கஹனமோக்கு. ஹவாய்க்காரன், கடல்லயே வளந்த புள்ளை. 1911ல ஹோனலூலு ஹார்பர் தண்ணியில, ஆமா, நம்ம ராயபுரத்துல கீதே அந்த மாதிரி ஹார்பர்தான், 100 கெஜத்தை 55.4 செகண்டுல நீஞ்சிட்டான். உலக சாதனையை நாலு செகண்டுக்கு மேல தூக்கி அடிச்சிட்டான். நியூயார்க்குல உக்காந்திருந்த சங்கத்துக்காரங்க நம்பல. கடிகாரம் தப்பா இருக்கும், நீரோட்டம் தள்ளியிருக்கும்னு சொல்லிக் கணக்குலயே சேத்துக்கல. உள்ளூர் மாடு விலை போகாதில்ல? அடுத்த வருசமே, 1912ல, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல 100 மீட்டர் தங்கத்தை வாங்கிகினு வந்தான். அப்போ எந்த நீரோட்டம் தள்ளுச்சாம்?

நீ பாக்குற வீடியோல ஒருத்தன் கையை நேரா இழுன்றான், இன்னொருத்தன் வளைச்சி இழுன்றான். ரெண்டுக்கும் நடுவுல நீ குழம்பிப்போயி குளத்து ஓரமா நின்னுகினு இருக்கே. இதுவும் பழைய கதைதான். 1970கள்ல தண்ணிக்கு அடியில கையால எஸ் எழுத்து போடச் சொன்னாங்க. பெரிய பெரிய வாத்தியாருங்களே சொன்னாங்க. அப்பால, அதெல்லாம் வேணாம், நேரா பின்னால தள்ளுன்னுட்டாங்க. நடுவுல கொஞ்ச நாளு, ஒரு வீச்சு வீசிட்டு அப்டியே வழுக்கிகினு போன்னாங்க. அதைக் கேட்டவன் ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவுல நின்னு நின்னு போனான். நின்ன வண்டியை மறுபடி மறுபடி கெளப்புறதுக்கு எரிபொருள் ஜாஸ்தின்றது லாரி ஓட்டுறவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியல.

ஜேனட் எவன்ஸ்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு. கையை மடக்காம, ரெண்டு பக்கமும் சுத்திச் சுத்தி வீசும். பாத்தவங்கல்லாம் இது இன்னா நீச்சல்னு தலையில அடிச்சிக்கினாங்க. 1988ல சோல் ஒலிம்பிக்ல மூணு தங்கம். அடுத்த வருசம் 800 மீட்டர்ல போட்ட சாதனையை ஒடைக்க உலகத்துக்கு 2008 வரைக்கும் ஆச்சு. 19 வருசம்! அதுக்காகக் கோணல்மாணலா நீஞ்சச் சொல்லல. கைக்கு அழகு முக்கியமில்ல, அது தண்ணியைப் புடிக்குதான்றதுதான் முக்கியம்.

சரி, இந்தக் கெழவன் இன்னா சொல்ல வர்றான்னு கேக்குறே. ஒரே ஒரு விசயம். நீ மூச்சு வுட மாட்டேன்றே.

முழிக்காதே. குளத்து மேட்டுல நின்னு பாத்தா எல்லாமே தெரியும். ஒருத்தன் எறங்குறான். சுவரை ஒதைச்சிட்டு கெளம்புறான். மூஞ்சி தண்ணிக்குள்ள போச்சு. ஒரு வீச்சு, ரெண்டு வீச்சு. தண்ணியில குமிழி வருதா? வரல. கன்னம் உப்பிகினு கீது. கழுத்து நரம்பு பொடைச்சிகினு கீது. மூணாவது வீச்சுல தலையைத் திருப்புறான். அந்தக் கண்ணு சிமிட்டுற நேரத்துல உள்ள இருக்கிற மூச்சை வெளிய தள்ளணும், வெளிய இருக்கிறதை உள்ள இழுக்கணும். ரெண்டுக்கும் நேரம் ஏது? பாதி தள்ளி, பாதி இழுத்து, அதுலயும் பாதி தண்ணி. இருபத்தஞ்சு மீட்டர் போறதுக்குள்ள சுவரைக் கட்டிப் புடிச்சிகினு, 'ஸ்டாமினா பத்தலை அண்ணா'ன்றான். ஸ்டாமினா போதும்டா தம்பி. அவன் பழைய மூச்சை வித்துட்டுத்தான் புதுசு வாங்கணும். இவன் கிடங்கைப் பூட்டி வெச்சிகினு சரக்கு எறக்கப் பாக்குறான்.

ஆகவே, மொதல்ல குமிழி. மூஞ்சி தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் மூக்கால, வாயால வுட்டுகினே இரு. பதறாம, நிறுத்தாம. திரும்புற நேரம் இழுக்கிறதுக்கு மட்டும். நம்பிக்கை இல்லியா? சுவரைப் புடிச்சிகினு நில்லு. மூஞ்சியை முழுவ வெச்சி 'ம்ம்ம்'னு ராகம் போடு. குமிழி தானா வரும். வெக்கமா இருந்தா பக்கத்து லேன்காரன் போனதும் போடு. இதுக்கு எந்தக் கடையிலயும் பேட்டரி போட்ட சாமான் கெடையாது. அதனாலதான் இதை யாரும் விளம்பரம் பண்ணல.

மூச்சு சரியானா பாதி நோவு தானா போயிரும். மிச்சம் தலை. நீ தலையைத் தூக்கி எதுத்தாப்புல கடிகாரத்தைப் பாக்குறே. அதனால இன்னா ஆவுது? தலை மேல போனா இடுப்பு கீழ போவும், காலு தொங்கும். அப்பறம் அந்தக் காலையும் இழுத்துகினு போவணும். தண்ணி காத்தை விட 800 மடங்கு கனம் கண்ணு. வேகத்தை ரெண்டு மடங்காக்குனா தடை நாலு மடங்காவும். அதுல காலைத் தொங்க வுட்டுகினு போனா எந்த மாமிசம் தின்னாலும் பத்தாது. அதனால பலத்தைக் கூட்டுறதை அப்பால பாத்துக்கலாம். தடையைக் கொறைக்கிறதுக்குக் காசு வேணாம். தரையைப் பாரு. பின்கழுத்து நீளட்டும். மூச்சுக்குத் திரும்புறப்போ தலையை மட்டும் திருவாதே, உடம்போட சேந்து திரும்பு. ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயே இருக்கட்டும். ரெண்டு கண்ணும் வெளிய வந்துச்சுன்னா அதிகமாத் திரும்பிட்டேன்னு அர்த்தம்.

கை. நேரா தோளுக்கு முன்னால எறங்கணும். நீ வலது கையைக் கொண்டுபோயி இடது பக்கம் போடுறே, இடது கையை வலது பக்கம். அதனாலதான் வளைஞ்சி நெளிஞ்சி போயி லேன் கயித்துல முட்டிக்கிறே. எறங்குன கை தண்ணியைக் கீழ அமுக்கக்கூடாது. அமுக்குனா நெஞ்சு எழும்பும், காலு முழுவும். முழங்கையை ஒசத்தி வெச்சிகினு, முன்னங்கையைத் தொங்க வுட்டு, அப்டியே பின்னால தள்ளு. அவ்ளோதான். தள்ளுனது போதும்னு தோணுற எடத்துக்குக் கொஞ்சம் தாண்டி, தொடை வரைக்கும் தள்ளு. பாதியில வுடாதே.

காலு. நீ ஓடுறவன், சைக்கிள்காரன். கணுக்கால் வெறைச்சிப் போயி கொக்கியா நிக்குது. அதை வெச்சிகினு ஓங்கி ஓங்கி அடிக்கிறே. அது உன்னைப் பின்னால இழுக்குதே தவிர முன்னால தள்ளல. ஒரு நாளு பலகையைப் புடிச்சிகினு வெறும் காலை அடிச்சிப் பாரு. எங்க போறேன்னு உனக்கே தெரிஞ்சிரும். சில பேரு மெய்யாலுமே பின்னால போறதைக் கண்ணால பாக்கலாம். கணுக்காலைத் தளர்த்து. கொஞ்சமா அடி. அந்தக் காலுதான் அப்பாலிக்கா 40 கிலோமீட்டர் மிதிக்கணும், 10 கிலோமீட்டர் ஓடணும். மொதல்லயே எல்லாத்தையும் தண்ணியில கொட்டிட்டா வட்டிக்கா வாங்குவே?

இவ்ளோவையும் ஒரே நாளுல பண்ணாதே. அதான் உங்க தலைமுறைக்கு வியாதி. மூச்சு, தலை, கை, காலு அல்லாத்தையும் ஒரே காத்தால நெனைச்சிகினு எறங்கினா, நீஞ்சறது எப்பிடின்றதே மறந்துபோவும். ஒரு நாளைக்கு ஒண்ணு. இன்னிக்குக் குமிழின்னா குமிழி மட்டும். 1500 மீட்டரை மூச்சைப் புடிச்சிகினு ஒரே இழுப்பா இழுக்காதே. கடைசி 1000 மீட்டர் நீ தப்பைத்தான் பழகுவே, அதுவும் நல்லா ஊறிப்போற வரைக்கும். அம்பது மீட்டர் ஒழுங்காப் போ, நில்லு, மூச்சு வாங்கு, மறுபடி போ. ஒழுங்கு கலைஞ்சா கரையேறு. பதறாத காரியம் சிதறாது.

அந்த வாட்ச். ஒவ்வொரு சுவத்துலயும் நின்னு மணிக்கட்டைத் தூக்கிப் பாக்குறியே, எதுக்கு? எத்தினி வீச்சு, எத்தினி செகண்டு, ரெண்டையும் கூட்டுனா எவ்ளோ. கூட்டல் கணக்கு ரெண்டாங்கிளாஸ்ல படிச்சதுதானே? கடல்ல அது இன்னும் தமாசு. மேலேர்ந்து வர்ற சிக்னலு தண்ணிக்குள்ள எறங்காது. கை தண்ணிக்கு மேல வர்ற நேரத்துல மட்டும் வானத்தைப் பாத்து, மிச்சத்தை அதுவாக் குத்துமதிப்பா போட்டுக்குது. குத்துமதிப்புக்கு நான் போதாதா? எனக்கு ஒரு டீ வாங்கிக் குடு, நானே சொல்றேன்.

இப்போ அந்த வேளச்சேரி நியாயத்துக்கு வர்றேன். 1870கள்ல மெட்ராஸ் ஹார்பர் சுவத்தைக் கடலுக்குள்ள நீட்டுனாங்க. 1881ல புயல் வந்து ஒடைச்சிப் போட்டுச்சு. வுடல, மறுபடி கட்டுனாங்க. நம்ம கரையில வருசத்துல முக்காவாசி நாளு மணலு தெக்கேர்ந்து வடக்கால நகரும். சுவரு குறுக்கால நின்னுச்சு. தெக்கால மணலு சேந்து சேந்து மெரினா அகலமாச்சு. வடக்கால ராயபுரம், ஒத்தியூர், எண்ணூர் கரையைக் கடல் கரைச்சிகினே வந்துச்சு. கடைசில பாறாங்கல்லைக் கொட்டித்தான் ரோட்டைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. மெரினாவுல சுண்டல் தின்னுகினு காத்து வாங்குறாங்களே, அவங்க காலுக்கடியில கீறதுல பாதி நம்ம மணலு கண்ணு. வாடகை கேக்கலாமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை.

அந்தப் பாறாங்கல்லு மேலேர்ந்து கடல்ல எறங்காதே. அலை உன்னைக் கல்லுலதான் கொண்டுவந்து அடிக்கும். தண்ணியோட லட்சணமும் உனக்குத் தெரியும். 2017 ஜனவரி 28ல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. கரையெல்லாம் கருப்பு எண்ணெய். எர்ணாவூர்ல ஆளுங்க வாளியால மொண்டு மொண்டு எடுத்தாங்க. ராக்கெட் வுடுற நாடு, வாளி! 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல மறுபடியும் எண்ணெய். வலையும் போட்டும் அல்லாமே கலீஜாச்சு. மீனு புடிக்கிறவனுக்குப் பொழப்பு போச்சு. நீ டிரெய்னிங் போச்சேன்னு அழுவாதே.

நம்மளுக்கு மட்டுந்தான் இந்தக் கொடுமைன்னும் நெனைக்காதே. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல டிரையத்லானை சீன் ஆத்துல வெச்சாங்க. 1923லேர்ந்து குளிக்கவே தடை போட்டிருந்த ஆறு. 140 கோடி யூரோ கிட்ட கொட்டிச் சுத்தம் பண்ணாங்க. மழை பேஞ்சிது. தண்ணியைச் சோதிச்சிப் பாத்தவங்க கையை விரிச்சாங்க. ஜூலை 30ல நடக்க வேண்டிய ஆம்பளைங்க பந்தயம் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. அம்மாம் பெரிய ஊரே 'இன்னிக்கு வேணாம்'னு நிறுத்துது. உனக்கு மட்டும் கௌரவம் தடுக்குதா?

கடல்ல எறங்கித்தான் ஆவணும்னா, வாத்தியாரு, போட்டு, நாலு பேரு கூட்டு இருக்கிற எடமாப் பாத்து எறங்கு. ஒண்டியா எறங்காதே. கண்ணுல படுற கலர்ல தொப்பி போடு, இடுப்புல மெதவை கட்டிக்கோ. இந்த ரெண்டுக்கும் துட்டு செலவு பண்ணு, நான் வாயைத் தொறக்க மாட்டேன். போட்டுக்காரன் உன்னைத் தேட மாட்டான், மீனைத்தான் தேடுவான். எறங்குறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் சும்மா நின்னு தண்ணியைப் பாரு. குப்பத்து ஆளுங்க மரத்தைத் தள்ளுறதுக்கு முன்னால அப்டித்தான் நிப்பாங்க. பொழுது போவலைன்னு நிக்கல. வாடை அடிக்குதா, தண்ணி வடக்கால இழுக்குதா தெக்கால இழுக்குதா, அலை எங்க ஒடையுது, எங்க ஒடையல. ஒடையாத எடம் அமைதியா இருக்குதேன்னு அங்க போயி எறங்காதே. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழியா இருக்கும் அது. மாட்டிக்கினா அதை எதுத்து மல்லுக்கட்டாதே. கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீஞ்சி வெளிய வா, அப்பால கரைக்கு வா. குளத்துல அடியில கருப்புக் கோடு கீது. கடல்ல கோடு போட ஆளு இல்ல. அதனால ஏழெட்டு வீச்சுக்கு ஒரு தபா கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கி, கரையில ஒசரமா ஏதுனா ஒண்ணை, ஹார்பர் கிரேனோ லைட் ஹவுசோ, பாத்து வெச்சிக்கோ. பாக்குறப்போ மூச்சும் இழுக்கணும்னு பேராசைப்படாதே. பாரு, தலையை எறக்கு, பக்கத்துல திரும்பி மூச்சு இழு.

நம்மாளுங்களைப் பத்தியும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கோ. 1954ல தொண்டைமானாத்து நவரத்தினசாமி யாழ்ப்பாணக் கரையிலேர்ந்து கோடியக்கரைக்கு நீஞ்சியே வந்தாரு. பாக் ஜலசந்தியை மொத மொத தாண்டுனவரு. 1971ல வல்வெட்டித்துறை ஆனந்தன் அதையே போகவும் வரவும் நீஞ்சுனாரு, 51 மணி நேரம். அதே ஆனந்தன் 1984ல இங்கிலீஷ் கால்வாயில நீஞ்சறப்போ உசுரை வுட்டாரு. எம்மாம் பெரிய ஆளா இருந்தாலும் தண்ணி தள்ளுபடி குடுக்காது, ஞாபகம் வெச்சிக்கோ. 1994ல நம்ம மெட்ராஸ் பையன் குற்றாலீசுவரன், பன்னெண்டு வயசுப் புள்ளை, ஒரே வருசத்துல ஆறு ஜலசந்தி தாண்டிட்டான். அதுக்கு முன்னால மிஹிர் சென் 1966ல அஞ்சு தாண்டியிருந்தாரு. இவங்க யாரு கையிலயும் சிக்னல் புடிக்கிற வாட்ச் இல்ல. கூட ஒரு போட்டு இருந்துச்சு, கரையைப் பத்தித் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க, வருசக்கணக்கா ஊறுன பழக்கம் இருந்துச்சு. உன்கிட்ட வாட்ச் கீது. மிச்சம் மூணையும் எப்போ வாங்கப் போறே?

தேறிட்டோமா இல்லியான்னு எப்டித் தெரியும்னு கேப்பே. அதுக்கும் ஒரு அளவுகோல் வெச்சிருக்கேன், இனாமாவே தர்றேன். நீஞ்சி முடிச்சி மேல வந்ததும், பக்கத்துல நிக்கிறவன்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேசு. 'அண்ணே, வூட்டுல தண்ணி லாரி வந்துச்சான்னு கேட்டு சொல்லுங்க'ன்னு, நடுவுல மூச்சு வாங்காம. பேசிட்டியா, நீச்சல் வந்துடுச்சு, சைக்கிளை எடு. 'அண்'ணோட நின்னுட்டியா, மறுபடி குமிழி. தேறுன அன்னிக்கு வந்து சொல்லு, கேட்டுக்கிறேன். ஆனா அந்த ஒரு வாக்கியத்தையாவது போன்ல ஏத்தாதே கண்ணு, லைக்கு போட இந்தக் கெழவனுக்குக் கண்ணு தெரியாது.